என் ஞானஸ்நானத்தைத் தள்ளி வைத்த கதவு

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. சொல்லாமல் விட்டால்தான் சாப்பாடு செமிக்காது. இன்றைக்கு ஒஸ்லோவில் முப்பத்திரண்டு பேர் வேலை செய்கிற துப்புரவுக் கம்பனி என்னுடையது. லோறென்ஸ்கூக்கில் வீடு. இரண்டு பட்டம் வாங்கிய மனிதர் ஒருவர் எனக்குக் கணக்கு எழுதித் தருகிறார். எழுதி முடித்ததும் எழுந்து நின்றுதான் தருவார். கல்யாண வீடுகளில் யாராவது ஒலிவாங்கியை என் கையில் தந்தால் ஒரு வசனம் கட்டாயம் சொல்வேன்: "ஒருத்தன்ரை தோளிலையும் கால் வைக்காமல் ஏறி வந்தனான்." கேட்டுக் கேட்டு என் பிள்ளைகளுக்கு அது பாடம். நான் வாயைத் திறக்கும் முன்பே அவர்கள் உதட்டை அசைப்பார்கள்.

அந்த வசனத்தை நான் இப்போது சொல்வதில்லை. ஏன் என்று எழுதுகிறேன்.

முதலில் நான் எப்படிக் கோயிலை விட்டுச் சபைக்குப் போனேன் என்று சொல்ல வேண்டும். எங்கள் ஆட்கள் இதைக் கேட்டால் வானம் திறந்தது, வெளிச்சம் வந்தது என்று ஏதாவது சொல்வார்கள். எனக்குத் திறந்தது கார்க் கதவு. மனைவி ஒரு பெரிய சத்திர சிகிச்சைக்குப் பிறகு தமிழ்ச் சபை ஒன்றில் சேர்ந்திருந்தாள். நோர்வேக்காரர் தங்கள் ஆராதனையை முடித்துக்கொண்டு போன பிறகு, அதே தேவாலயத்தை ஞாயிறு பின்னேரங்களில் எங்கள் சபை வாடகைக்கு எடுத்திருந்தது. நான் அவளைக் கொண்டுபோய் இறக்கிவிட்டு வெளியே காரில் இருப்பேன். ஒரு தை மாதம், மைனஸ் பதினைந்து. சூட்டுக்காக எஞ்சினை ஓட விட்டுக்கொண்டு இருந்தேன். நாயோடு போன ஒரு நோர்வேக்காரர் கண்ணாடியில் தட்டி, நிறுத்தி வைத்த காரில் எஞ்சின் ஓடக்கூடாது, காற்று கெடுகிறது என்றார். நிறுத்தினேன். பத்து நிமிடத்தில் விரல் விறைத்தது. எழும்பி உள்ளே போய் வெப்பக் குழாய்க்குப் பக்கத்தில், கடைசி வரிசையில் இருந்தேன். அந்த மனிதர் மட்டும் தட்டாமல் போயிருந்தால் நான் இன்றும் சபைக்கு வெளியே நிற்கிற புறஜாதிதான்.

குளிருக்காகப் போனவன் மெல்ல மெல்லக் கதைக்காகவும் போனேன். பாஸ்டர் கிழமை நாட்களில் பஸ் ஓட்டுகிறவர். நாற்பத்தைந்து வயது, மெலிந்த ஆள். ஒரு நாள் ஆதாமைப் பற்றிச் சொன்னார். பழத்தைத் தின்றுவிட்டு மரங்களுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டவனைத் தேடிக் கடவுள் தோட்டத்துக்குள் நடந்து வருகிறார். வந்ததும் ஏன் தின்றாய் என்று அதட்டவில்லை. எங்கே இருக்கிறாய் என்றுதான் முதலில் கேட்கிறார். அது எனக்குள் எங்கேயோ குத்தியது. எங்கே என்று அப்போது பார்க்கவில்லை. பார்க்கிற பழக்கமும் இல்லை.

சபையில் ஞானஸ்நானம் எடுக்கிறவர்கள் முதலில் சாட்சி சொல்ல வேண்டும். மனந்திரும்பிய கதை. இதில் எங்கள் சனத்தை அடிக்க ஆளில்லை. யார் பெரிய பாவி என்பதில் ஒரு போட்டியே நடக்கும். ஒருவர் குடித்துவிட்டு வாய்க்காலில் விழுந்து கிடந்தாராம். இருபது வருடமாக அவரை எனக்குத் தெரியும், கல்யாண வீட்டில் ஒரு பியரை எடுத்துக் கடைசிவரை கையிலேயே வைத்துச் சூடாக்குகிற மனிதர். ஒஸ்லோவில் விழுந்து கிடக்க வாய்க்கால்தான் எங்கே இருக்கிறது? ஒரு அக்கா தான் பெரிய கோபக்காரியாக இருந்ததாகச் சொன்னா. அவவுடைய கணவர் எல்லாருக்கும் முதல் "ஆமென்" சொன்னார், நெஞ்சின் அடியிலிருந்து. குடி, சூது, சினிமா, சூனியம் எல்லாம் அந்த மேடையில் ஏறின. ஆனால் ஒருவராவது, "என் தம்பியின் பெண்சாதியைப் பற்றி இல்லாத கதை கட்டினேன், அதோ இரண்டாம் வரிசையில் இருக்கிறா" என்று சொல்லி நான் கேட்டதில்லை.

மூன்று வருடம் இப்படிப் பார்த்த பிறகு என் முறை வந்துவிட்டதாக நானே முடிவு செய்தேன். வேலையில் மூன்று வருடம் நின்றவனுக்கு ஒரு படி ஏற்றம் கொடுக்கிறது இல்லையா, அப்படி. சபைக்கு ஒலிபெருக்கி வாங்கிக் கொடுத்தவன் நான். அந்தத் தேவாலயத்துத் தரையை என் ஆட்களை விட்டு மினுக்கியவன் நான். நோர்வேக்காரக் குருவானவரே குனிந்து அதில் தன் முகத்தைப் பார்த்தார். யூன் மாதம் கடற்கரையில் ஞானஸ்நானம் என்றதும் நான் செய்ய வேண்டியதைச் செய்தேன். அதாவது, எங்கள் சனம் ஒரு பிள்ளையின் முதலாம் பிறந்தநாளுக்கும் பெரியபிள்ளையான சாமத்திய வீட்டுக்கும் கல்யாணத்துக்கும் என்ன செய்யுமோ அதை: மண்டபம் எடுத்தேன், வானத்தில் கமரா பறக்கவிடுகிற வீடியோக்காரரைப் பிடித்தேன், முந்நூறு கார்டு அடித்தேன். சூட் போட்ட என் படத்துக்கு மேலே ஒரு புறா பறக்க வேண்டும் என்று சொல்லியிருந்தேன். அச்சடித்தவர் புறாவைத் தோளில் வைத்துவிட்டார். பறவை வளர்த்து விற்கிறவன் போல இருந்தேன். பரவாயில்லை என்று பாதியை அனுப்பியும் விட்டேன்.

அதற்குப் பிறகுதான் ஞானஸ்நான வகுப்புக்குப் போனேன். வகுப்பு என்றால் தேவாலயத்து நிலக்கீழ் அறையில், கோப்பிப் போத்தலுக்கு முன்னால், பாஸ்டரும் நானும். தயாரித்து வைத்திருந்த சாட்சியைச் சொல்லிக் காட்டினேன். குடித்தது, காசு வைத்துக் காட்ஸ் விளையாடியது, சாமியை ஏசியது. கண்ணாடிக்கு முன்னால் நின்று பழகியிருந்தேன். எந்த இடத்தில் குரல் தழுதழுக்க வேண்டும் என்றுகூடத் தெரியும்.

பாஸ்டர் கரண்டியால் கோப்பியைக் கலக்கிக்கொண்டே கேட்டார்.

"நல்லாய்ச் சொல்லுறீங்கள், அண்ணை. குடிச்சது உங்கடை ஈரலுக்குக் கெடுதி. காட்ஸ் விளையாடினது உங்கடை நேரத்துக்குக் கெடுதி. நான் கேக்கிறது வேறை. ஆருக்குச் செய்தனீங்கள்?"

"என்னத்தை?"

"அநியாயத்தை."

"நான் ஒருத்தனுக்கும் அநியாயம் செய்யேல்லை, பாஸ்டர். உழைச்சு வந்தனான். ஒருத்தன்ரை தோளிலையும்..."

"கால் வைக்கேல்லை. தெரியும், போன கல்யாணத்திலையும் கேட்டனான். அப்ப உங்களுக்கு ஞானஸ்நானம் தேவையில்லை, அண்ணை. நேரை மேலை போகலாம். கார்டு அடிச்சதுதான் வீண்."

எனக்கு முகம் சூடேறியது. அவர் விடவில்லை.

"தண்ணிக்குள்ளை இறங்கிறது குளிக்கிறதுக்கில்லை. குளிக்கிறதெண்டால் வீட்டிலை சுடுதண்ணி இருக்குது. அது சவக்குழி, அண்ணை. பழைய ஆளை அதுக்குள்ளை புதைச்சுப்போட்டுப் புது ஆளாய் எழும்பி வாறது. செத்தவனைப் புதைச்சால் அது அடக்கம். உயிரோடை இருக்கிறவனைப் புதைச்சால் அதுக்குப் பேர் வேறை. உங்கடை பழைய ஆள் நல்ல சுகமாய், சூட் போட்டுக்கொண்டு, தோளிலை புறாவோடை இருக்கிறார். நான் எப்பிடித் தாழ்க்கிறது?"

"அப்ப நான் என்ன செய்ய வேணும்?"

"மனந்திரும்புறதெண்டால் அழுகிறதில்லை. திரும்பிறது. வந்த வழியாலை திரும்பி நடந்து போய், ஆர் அங்கை விழுந்து கிடக்கினம் எண்டு பாருங்கோ. பாத்திட்டு வந்து சொல்லுங்கோ."

ஆத்திரத்தோடு வெளியே வந்தேன். ஒரு பஸ் ஓட்டி! யாரோ மணி அடித்தால் நிற்கிறவர், என்னை நிறுத்தி வைக்கிறார். வேறு சபைக்குப் போகலாம் என்றும் நினைத்தேன். ஒஸ்லோவில் எங்கள் ஆட்களுக்குச் சபைக்கா பஞ்சம்? ஒரு சபையில் இரண்டு பேர் கோபித்தால் அடுத்த கிழமை மூன்றாவது சபை தொடங்கிவிடும்.

அடுத்த நாள் காலை, நாங்கள் துப்புரவு செய்கிற ஒரு பெரிய சமையற்கூடத்தைப் பார்வையிடப் போனேன். அங்கே உள்ள குளிர் அறையைப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினேன். சாத்திவிட்டுப் பிடியை ஒரு தரம் இழுத்துப் பார்த்தேன். பிறகு இன்னொரு தரம். என்னோடு வந்த வேலையாள், "முதலாளி எப்பவும் ரெண்டு தரம் இழுப்பார், அவ்வளவு கவனம்" என்று புதிதாக வந்தவரிடம் பெருமையாகச் சொன்னார். என் கை பிடியிலேயே நின்றுவிட்டது. முப்பது வருடத்துக்கு மேலாக எந்தக் குளிர் அறைக் கதவையும் நான் இரண்டு தரம் இழுத்துத்தான் விட்டிருக்கிறேன். ஏன் என்று எனக்குத் தெரியும். தெரியாதது போல இருக்கப் பழகியிருந்தேன், அவ்வளவுதான்.

நான் நோர்வேக்கு வந்த புதிதில் வடக்கே, கடலோரத்தில் ஒரு மீன் தொழிற்சாலையில் வேலை செய்தேன். என்னோடு ஒரே அறையில் இருந்தவன் மட்டக்களப்பான். என் வயதுதான். ஊரில் மனைவியையும், அவன் புறப்பட்ட பிறகு பிறந்த ஒரு மகளையும் விட்டு வந்தவன். பிள்ளையின் படத்தைக் கட்டிலுக்கு மேலே ஒட்டி வைத்திருந்தான். நிரந்தர வேலை இருந்தால்தான் குடும்பத்தைக் கூப்பிடலாம் என்பதால் நாய் போல உழைத்தான். எனக்கு அப்போது நாற்பது நோர்வேச் சொல் தெரியும். அவனுக்கு மூன்று: யா, தக், பிஸ்க். ஓம், நன்றி, மீன்.

நோர்வேக்காரர் மீன் தலையை எறிந்துவிடுவார்கள். எங்களுக்கு அதுதான் கறி. எறிகிற தலைகளை ஒரு பெட்டியில் போட்டுக் குளிர் அறை மூலையில் வைத்திருப்பேன். ஒரு சனிக்கிழமை வேலை முடிந்ததும் அந்தப் பெட்டியை எடுக்க உள்ளே போனேன். இரண்டு கையிலும் பெட்டி. வெளியே வந்து குதிக்காலால் கதவைத் தள்ளிவிட்டு நடந்தேன். கதவு பொருந்தியதா என்று திரும்பிப் பார்க்கவில்லை. அன்று மத்தியானம் அவன்தான் தலைக்கறி வைத்தான், தகரத் தேங்காய்ப்பால் விட்டு. இரண்டு பேரும் விரலைச் சூப்பிச் சாப்பிட்டோம்.

திங்கட்கிழமை காலை அந்த அறையிலிருந்த மீன் முழுக்க இளகி, தண்ணீர் வாசலால் ஓடிக்கொண்டிருந்தது. மேற்பார்வையாளர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். கடைசியாக உள்ளே போனது யார் என்று கேட்டார். அந்தக் கேள்வி என் நாற்பது சொல்லுக்குள் அடங்கியிருந்தது. நான் மட்டக்களப்பானைக் காட்டினேன். மேற்பார்வையாளர் அவன் பக்கம் திரும்பி, நீயா என்று கேட்டார்.

அவன் என்னைப் பார்த்தான். "என்ன கேக்கிறாரு, மச்சான்?"

"நல்லா வேலை செய்யிறியா எண்டு கேக்கிறார். ஓம் எண்டு சொல்லு."

அவன் வாய் நிறையச் சிரித்துக்கொண்டு, "யா! யா!" என்றான்.

அந்தக் கிழமையே அவனை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். கதவைத் திறந்து விட்டது நீ என்று முடிவு செய்துவிட்டார்கள் என்று நான்தான் அவனுக்கு மொழிபெயர்த்தேன். "நானா விட்டன்? சனிக்கிழம தரையக் கழுவினன்... நானாத்தான் இருக்கும் என்ன?" என்று என்னிடமே கேட்டான். இருக்கும் என்றேன். என்னை மேற்பார்வையாளருக்கு உதவியாளாக எடுத்தார்கள், மொழி தெரிந்தவன் என்று. அந்த வேலைக் கடிதத்தைக் காட்டித்தான் ஒஸ்லோவில் முதல் துப்புரவு வேலையைப் பிடித்தேன். மற்றது நீங்கள் கல்யாண வீடுகளில் கேட்ட கதை.

அவன் இப்போது ஒஸ்லோவுக்கு அடுத்த லில்லெஸ்ட்ரோமில் இருக்கிறான், கை மூட்டு நோவால் வேளைக்கே ஓய்வு எடுத்துக்கொண்டு. கல்யாண வீடுகளில் காண்போம். "என்ன முதலாளி" என்பான். "என்னப்பா" என்பேன். அதற்கு மேல் கதை வளராமல் நான் பார்த்துக்கொள்வேன்.

சமையற்கூடத்துக்குப் போன அதே கிழமை, சனிக்கிழமை, தமிழ்க் கடையில் ஒரு பெட்டி மாம்பழம் வாங்கிக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். வெறுங்கையோடு எப்படிப் போவது? பாவத்தைச் சொல்லப் போனாலும் எங்களுக்குப் பழம் வேண்டும். அவன் கதவைத் திறந்து, பெட்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான்.

"ஆருக்குக் கல்யாணம், முதலாளி?"

"ஒருத்தருக்கும் இல்லை. ஒரு விசயம் கதைக்க வந்தனான்."

வரவேற்பறையில் இருந்தோம். அவன் மனைவி சமையலறையில் ஏதோ தாளித்துக்கொண்டிருந்தாள். கண்ணாடிக்கு முன்னால் பழகிய தழுதழுப்பு ஒன்றும் வரவில்லை. சந்தையில் விலை சொல்வது போலச் சொன்னேன். பெட்டி, குதிக்கால், கதவு, மேற்பார்வையாளரின் கேள்வி.

அவன் மாம்பழப் பெட்டியை ஒரு பக்கம் தள்ளி வைத்தான். பிறகு மிக மெதுவாகக் கேட்டான். "அப்ப நான் எதுக்கு யா சொன்னன்?"

"நீயா விட்டது எண்டு கேட்டவர்."

"அதுக்கா நான் சிரிச்சன்?"

ஓம் என்றேன். அவன் எழும்பிச் சமையலறைப் பக்கம் பார்த்துக் கத்தினான்.

"இஞ்ச வா புள்ள! அடுப்ப நூத்துப்போட்டு வா! இவரு செல்லுறதக் கேளு!"

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். "மறுகா செல்லு," என்றான் அவன் என்னிடம். "முதல்ல இருந்து செல்லு. ஒண்டும் விடாத."

மறுபடியும் சொன்னேன். முதல் தரத்தைவிட அது கடினமாக இருந்தது. சொல்லி முடித்ததும் அவன் மனைவியைப் பார்த்து, வழக்கில் வென்றவன் போலக் கையை விரித்தான்.

"கேட்டியா? நான் இல்ல. வீட்டுல பிரிட்ஜ் கதவு கொஞ்சம் திறந்து கிடந்தாப் போதும், 'மீன் அறையத் திறந்து விட்ட மனிசன்தானே' எண்டு முப்பது வருசமாச் செல்லுறியே. புள்ளயளும் செல்லுதுகள். எனக்கே நம்பிக்கை இல்லாமப் போயிட்டு. வெளிய போனா நாலு தரம் திரும்பி வந்து கதவப் பாக்கிறன்."

அவன் நான்கு தரம். நான் இரண்டு தரம்.

அவள் அவனைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள். "மூணு வருசம் பிந்திக் கூப்பிட்டாரு எங்கள. வேல இல்லாம எப்பிடிக் கூப்பிடுற? விமான நிலையத்துல என்ட மகள் இவரக் கண்டு 'மாமா' எண்டு கூப்பிட்டவள். தெரியுமா உங்களுக்கு?"

தெரியாது என்றேன். தெரிந்துகொள்ளாமல் இருப்பதற்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

"என்னை மன்னிச்சுக்கொள்," என்றேன் அவனிடம்.

அவன் கண்ணைச் சுருக்கினான். "ஏன் இப்ப வந்த நீ? ஆரு அனுப்பின?"

உள்ளதைச் சொன்னேன். ஞானஸ்நானம், கடற்கரை, வீடியோ, பாஸ்டர், வந்த வழியே திரும்பிப் போகச் சொன்னது. அவன் சிரித்தான், அந்தப் பழைய வாய் நிறைந்த சிரிப்பு அல்ல.

"அப்ப இது கொம்யூன் ஆபீசுக்குக் குடுக்கிற படிவம் மாதிரி. என்ட கையெழுத்து இல்லாட்டி உன்னத் தண்ணிக்குள்ள விடமாட்டாங்க. அப்பிடித்தானே? நான் கையெழுத்து வைக்க மாட்டன், மச்சான். என்னட்டச் செல்லி என்ன? எல்லாரும் நான்தான் விட்டன் எண்டு இரிக்காங்க. அவங்களுக்குச் செல்லு. கல்யாண ஊட்டுல மைக்கப் பிடிச்சிச் செல்லுவியே, அந்த மைக்குல செல்லு. வீடியோவுல செல்லு. மறுகா பாப்பம்."

நான் எழுந்து வாசலுக்கு வந்தபோது அவன் மனைவி மாம்பழப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தாள். "இதயும் எடுத்துப் போங்க," என்றாள். என் வயதில் நான் கொடுத்த பழத்தை ஒருவரும் திருப்பித் தந்ததில்லை. முழுப் படியும் பெட்டியோடு இறங்கினேன்.

வீட்டில் மனைவியிடம் சொன்னேன். அவள்தான் எட்டு வருடமாகச் சபையில் முதல் வரிசை. சந்தோசப்படுவாள் என்று நினைத்தேன்.

"இஞ்சேருங்கோ, உந்தப் பழங்கதையை ஏன் இப்ப கிளறுறீங்கள்? உங்கடை வேலையாக்கள், சம்பந்தி வீட்டார், எல்லாரும் வருகினம். 'நான் பெரிய பாவி' எண்டு பொதுவாய்ச் சொல்லுங்கோ. எல்லாரும் அப்பிடித்தானே சொல்லுகினம். விவரம் எதுக்கு?"

எங்கள் சனத்தின் மனந்திரும்புதல் முழுவதும் அந்த ஒரு வசனத்தில் இருக்கிறது. பாவி என்று சொல்ல எங்களுக்கு வெட்கமில்லை. என்ன பாவம் என்று சொல்லத்தான் வெட்கம். நானும் இரண்டு நாள் அந்தப் பொதுவான பாவியாகவே இருந்துவிட ஆசைப்பட்டேன். சொன்னால் போவது வீடோ கம்பனியோ அல்ல. அந்த ஒரு வசனம். அது போனால் ஒலிவாங்கியைப் பிடித்து நான் என்னத்தைச் சொல்வது? எட்டாம் வகுப்புக்காரனுக்கு அது பட்டம் மாதிரி. சொல்லாவிட்டால் லில்லெஸ்ட்ரோமில் ஒருவன் செத்தபின்பும் கதவைத் திறந்து விட்டவனாகவே இருப்பான்.

பாஸ்டரிடம் போய், திரும்பி நடந்து பார்த்தேன், ஒருவன் விழுந்து கிடக்கிறான் என்றேன். அவர் கதவுக் கதையைக் கேட்டுவிட்டு ஒன்றும் பிரசங்கிக்கவில்லை. "யூன் மாதம் தண்ணி நல்லாய்க் குளிரும், அண்ணை. தடிச்ச உள்ளுடுப்புப் போட்டுக்கொண்டு வாங்கோ," என்றார். அதுதான் அனுமதி.

அந்த நாள் நல்ல வெயில். வெயில் என்றால் ஒஸ்லோவில் என்ன நடக்கும் என்று தெரியும்தானே? எங்கள் பரிசுத்தக் கடற்கரை முழுக்க நோர்வேக்காரர் அரைத் துணியோடு படுத்திருந்தார்கள். எங்கள் சபை அம்மாமார் பட்டுச் சேலையோடு வந்து, கண்ணை எங்கே வைப்பது என்று தெரியாமல் கடலையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவ்வளவு பக்தியாக அவர்கள் ஒரு நாளும் கடலைப் பார்த்ததில்லை. வானத்தில் பறந்த கமராவைக் கடற்பறவைகள் துரத்தின. நூற்றைம்பது பேராவது இருக்கும், எல்லாம் என் கார்டுக்கு வந்தவர்கள். பின்னால், ஐஸ்கிறீம் விற்கிற பெட்டிக்கடையோடு, மட்டக்களப்பானும் மனைவியும் நின்றார்கள். கார்டில்லாமல் வந்தவர்கள் அவர்கள் மட்டும்தான்.

நான் வாங்கிக் கொடுத்த ஒலிபெருக்கியில் நான் பேசினேன். கதவு பற்றிச் சொல்லத் தொடங்கியதும் சனம் அதையும் வழக்கமான சாட்சி என்று நினைத்துத் தலையாட்டியது. அவன் குடும்பம் மூன்று வருடம் பிரிந்திருந்தது என்று நான் சொன்ன இடத்தில் ஒரு அக்கா பழக்க தோசத்தில் "ஸ்தோத்திரம்!" என்றா. அப்படியே பல்லைக் கடித்துக்கொண்டு முடித்தேன்.

"ஒருத்தன்ரை தோளிலையும் கால் வைக்காமல் வந்தனான் எண்டு உங்களுக்கு நூறு தரம் சொல்லிப்போட்டன். பொய். அந்தத் தோள் உங்கை நிக்குது, ஐஸ்கிறீம் கடைக்குப் பக்கத்திலை. கதவைத் திறந்து விட்டது அவன் இல்லை, நான்."

நூற்றைம்பது தலைகளும் ஒன்றாகத் திரும்பின. என் கணக்கெழுத்தாளர் என்னைப் பார்க்காமல் தன் சப்பாத்தைப் பார்த்தார். சம்பந்தி, நேரமாகிறதோ என்பது போலக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஒருவரும் கை தட்டவில்லை. வாய்க்காலில் விழுந்தவருக்குத் தட்டினார்கள்.

தண்ணீர் பாஸ்டர் சொன்னதைவிடக் குளிர். வெள்ளை அங்கிக்குள் காற்றுப் புகுந்து அது பலூன் போல என்னைச் சுற்றி எழும்பியது. பாஸ்டர் ஒரு கையால் என்னையும் மறு கையால் அங்கியையும் அமத்தினார். முதலில் நான் தாழவில்லை. "விடுங்கோ அண்ணை, உங்களை நீங்களே பிடிச்சுக்கொண்டு நிக்கிறீங்கள்," என்றார் காதுக்குள். விட்டேன். ஒரு நொடி மேலே ஒன்றும் கேட்கவில்லை. எழும்பி மூச்சை இழுத்தபோது வானத்திலிருந்து வெளிச்சமும் வரவில்லை, புறாவும் வரவில்லை. பல்லு கிடுகிடுத்தது. ஆனால் நெஞ்சுக்குள் ஏதோ ஒரு தளபாடத்தைத் தூக்கி வெளியே வைத்தது போல இடம் கிடைத்திருந்தது. அதற்குமேல் எனக்குச் சொல்லத் தெரியாது. படித்தவர்கள் சொல்லட்டும்.

துவாயைச் சுற்றிக்கொண்டு நின்றபோது மட்டக்களப்பான் வந்தான். கையில் பாதி ஐஸ்கிறீம்.

"தண்ணி குளிரா?"

"ஓம்."

"அந்த அறயப் போலயா?"

"அதிலும் கூட."

"நல்லம்." ஒரு வாய் நக்கினான். "அந்த வீடியோவுல ஒரு கொப்பி தா. வெட்டாததத் தா. என்ட மகளுக்குக் காட்டணும்." மன்னித்தேன் என்று அவன் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. மண்டபத்துக்குச் சாப்பிடவும் அவர்கள் வரவில்லை.

பத்து நாளில் வீடியோக்காரர் தொலைபேசி எடுத்தார். "அண்ணை, கதவுக் கதை வாற துண்டை வெட்டிவிடச் சொல்லி வீட்டிலை சொன்னவை. வெட்டிப்போட்டன். சுப்பராய் இருக்குது." வீட்டில் விருந்தாளிகள் வந்தால் மனைவி போடுவது அதைத்தான். அதில் நான் ஒலிவாங்கியைப் பிடித்து, "அன்பான சகோதர சகோதரிகளே" என்கிறேன்; அடுத்த நொடி தண்ணீருக்குள் இருக்கிறேன். எதற்காக முக்கினார்கள் என்று பார்க்கிறவர்களுக்கு விளங்காது. அழகான வீடியோ. வீடியோக்காரரிடம் கேட்டு வாங்கிய வெட்டாத கொப்பி ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, அதை நானே லில்லெஸ்ட்ரோமில் கொண்டுபோய்க் கொடுத்தேன். பழம் கொண்டுபோகவில்லை.

போன மாதம் எனக்கு அதைப் பார்க்க வேண்டும் போல இருந்தது. அவனுக்குத் தொலைபேசி எடுத்து, இரண்டு நாளைக்குத் தருவாயா என்று கேட்டேன்.

"தர மாட்டன்," என்றான். "பாக்கணும் எண்டா இஞ்ச வந்து பாரு. வரக்குள்ள மாம்பழம் கொண்டு வா, பழுத்ததாப் பாத்து. அண்டைக்குத் திருப்பித் தந்தது காய் எண்டு இவள் செல்லுறாள்."

பின்னால் அவன் மனைவியின் குரல் கேட்டது, யாரையோ ஏசிக்கொண்டிருந்தாள். என்ன சத்தம் என்று கேட்டேன். பேரப்பிள்ளை பிரிட்ஜ் கதவைத் திறந்து போட்டுவிட்டுப் போய்விட்டதாம்.

"என்னத்தான் ஏசுறாளாக்கும் எண்டு நினைச்சியா?" என்று அவன் சிரித்தான், அந்தப் பழைய சிரிப்பு, வாய் நிறைய. "இல்ல, மச்சான். இப்ப இந்த ஊட்டுல ஒரு கதவு திறந்து கிடந்தா, 'முதலாளி வந்து போயிருக்காரு' எண்டுதான் செல்லுறது."